வடகிழக்கு, முப்பது மீட்டர்

சிரிக்க ஒரு சங்கதி இருக்கிறது. ஆனால் இப்போது சொல்ல மாட்டேன், இப்போது யாரும் சிரிக்கவும் கூடாது. இன்னும் பத்து நிமிடம் வாயைப் பொத்திக்கொண்டு இருங்கள், கூடலூர்ப் பக்கம் தொட்டிப்பாறைக் காட்டில் இசக்கியம்மாள் பறவை எண்ணிக்கொண்டிருக்கிறாள். எண்ணுவது என்றால் கூண்டில் அடைத்து ஒன்று, இரண்டு என்று அல்ல. காட்டுக்குள் குறித்து வைத்த ஓர் இடத்துக்குப் போய், கடிகாரத்தைப் பார்த்து, அசையாமல் பத்து நிமிடம் நிற்க வேண்டும்; அதற்குள் கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததும் தாளில் ஏற வேண்டும். என்ன பறவை, எத்தனை, எந்தத் திசை, எவ்வளவு தூரம், நாலு கட்டம். இருமக் கூடாது, தும்மக் கூடாது, பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது. காலை ஏழு பன்னிரண்டு. இசக்கி எச்சிலை விழுங்கினாள், ஸ்டாப்வாட்சை அழுத்தினாள், நின்றாள். அவளுக்கு வடகிழக்கே பனிமூட்டத்துக்குள் ஒரு நாவல் மரம். அதில் இலை மறைவில் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். கன்னங்கரேல் என்று உடம்பு, நெற்றியில் சுருட்டிவிட்ட கொண்டை, வாலில் இரண்டு நீளக் கம்பி, கம்பி முனைக்கு ஒன்றாக இரண்டு துடுப்பு. துடுப்புவால் கரிச்சான் என்று பேர். காட்டில் யார் எப்படிக் கத்தினாலும் அப்படியே கத்திக் காட்டுகிற ஆசாமி. அவர் அங்கே இருப்பது எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும், இசக்கிக்குத் தெரியாது. காட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

முதல் நிமிடத்தில் ஒன்றும் பெரிதாக இல்லை. மேற்கே எங்கோ ஒரு குக்குறுவான் குட்ரூ குட்ரூ என்று ஆரம்பித்தது, எழுதினாள், எண்பது மீட்டர். தலைக்கு மேல் ஒரு மலை மைனா, இரண்டு, இல்லை ஒன்றுதான், ஒன்று. இடது சாக்ஸுக்கு மேலே ஏதோ குளிர்ந்து நகர்ந்தது, அட்டை, ஏறட்டும், பத்து நிமிஷத்தில் எவ்வளவு குடிச்சிரும், அதுவும் ஒரு ஜீவன்தானே, அதுக்கும் பசி, ஆனா முழங்காலுக்கு மேல வந்தா நான் பொறுப்பில்ல என்று அட்டையோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அது வந்தது. கீயா, கிக்கிக்கிக்கீயா. மேலே ஏறி, உச்சியில் உடைந்து, துண்டு துண்டாக விழுகிற ஒரு கீச்சுக் குரல். இசக்கியின் கை அவளைக் கேட்கவில்லை. அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பேனா எழுதி முடித்துவிட்டது: வயநாட்டுச் சிரிப்பான், 1, வடகிழக்கு, 30. எழுதிய பிறகுதான் தன்னையே கேட்டுக்கொண்டாள். ஏட்டி இசக்கி, கேட்டியா? கேட்டேன். நெசமா கேட்டியா? நெசமாத்தான் கேட்டேன். அப்ப ஏன் கை நடுங்குது? குளுருட்டீ. குளிர் இல்லை. குளிர் என்றால் விரல் நுனியில்தான் தொடங்கும், இது தோளிலிருந்து இறங்கி வந்தது, அதை அவள் கொஞ்சம் வேடிக்கையாகவே கவனித்தாள், ஒரு பெயரை எழுதினால் தோள் நடுங்குமா, எந்தப் பெயரை எழுதினாலும் நடுங்குமா, குக்குறுவானுக்கு நடுங்கவில்லையே.

அபூர்வமான அந்தக் குருவியின் பெயர் ஏறுகிற இந்த ஒரு வரிக்காகத்தான் நாலு வருஷ ஆராய்ச்சி. பதினெட்டு ஏக்கர் காடு இது, இரண்டு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் காப்பி, நாலாவது பக்கம் ரோடு. அந்த ரோடு காட்டைச் சுற்றிக் கொண்டை ஊசி மாதிரி வளைகிறது, வளைவில் வருஷத்துக்கு இரண்டு வண்டி கவிழ்கிறது, அதனால் வளைவை நேராக்கப் போகிறார்கள், நேராக்கினால் ரோடு காட்டின் நடு வயிற்றில் புகுந்து மறுபக்கம் வரும். இல்லாவிட்டால் பழைய எஸ்டேட் பாதையை அகலப்படுத்தி அந்த வழியாகக் கொண்டுபோகலாம், இரண்டு வருஷம் கூடுதல் வேலை. எது என்று நாளைக் காலை பத்து மணிக்கு ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்கிறது. குழுத் தலைவர் கோயம்புத்தூர்க்காரர், தன்மையான மனிதர், போன மாதம் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங் அம்மணி, அந்தக் குருவி அங்கதான் இருக்குதுன்னா நாங்க சுத்திப் போயிக்கறமுங்க. எங்களுக்கென்ன காட்ட வெட்டோணும்னு வேண்டுதலா? ஆனா இருக்குதான்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துருங்க. இருந்திருக்கும், இருக்கலாம், இதெல்லாம் வேண்டாங்க." அந்த ஒரு வார்த்தை இன்று சாயங்காலத்துக்குள் போக வேண்டும். இன்றைக்குத்தான் கடைசி எண்ணிக்கை, இதுதான் கடைசிப் புள்ளி, இந்தப் பத்து நிமிடம்தான் கடைசிப் பத்து நிமிடம். இத்தனை வருடம் வாயே திறக்காத பறவை கடைசி மணி அடிக்கும்போது வகுப்புக்குள் ஓடி வருகிற பையன் மாதிரி வந்து நின்று கீயா என்கிறது. இப்படியும் நடக்குமா? ஏன் நடக்காது? என் வாழ்க்கையில எது கடைசி நாளுக்கு முன்னாடி நடந்திருக்கு, ஹால் டிக்கெட்டே பரீட்சைக்கு முந்தின நாள்தான் வந்தது.

கீயா, கிக்கிக்கிக்கீயா. மறுபடியும். அதே மரம், அதே உயரம். மூன்று நிமிடம் பத்து நொடி. ஒன்றுதான் கத்துகிறது என்பது இசக்கியின் மனசில் ஒரு முள் மாதிரி மாட்டியது. சிரிப்பான் தனியாக வராது, எட்டும் பத்துமாகக் கூட்டம் போட்டு, கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி எல்லாம் ஒரே நேரத்தில் பேசும். சரி, முன்னால வந்த ஒண்ணா இருக்கும். பின்னால வரும். கூட்டத்துல யாராவது ஒருத்தர் முன்னாடி போய் இடம் பிடிக்கத்தானே செய்வாங்க, பஸ்ல துண்டு போடுற மாதிரி. துண்டு போட வந்த சிரிப்பான். இப்படியெல்லாம் அறிக்கையில் எழுத முடியாது. அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி மனோன்மணி மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்பார், அவர் பேசினால் எழுத்தில் பேசுவது போலத்தான் இருக்கும்: "இசக்கியம்மாள், தரவு என்ன சொல்கிறது? நீ என்ன சொல்கிறாய் என்று நான் கேட்கவில்லை. நீ ஆசைப்படுகிறாய். ஆசைக்கு இந்தத் தாளில் கட்டம் கிடையாது." மேடம், காதுல கேட்டா எழுதலாம்னு விதி இருக்குல்லா மேடம். "விதி இருக்கிறது. காது யாருடையது?" அங்கேதான் மேடம் அடிப்பார். ஏனென்றால் முதல் வருஷம் நடந்ததை மேடம் இன்னும் மறக்கவில்லை. முதல் வருஷம் இசக்கி ஓர் எஸ்டேட் ஓரத்தில் நின்று டுக் டுக் டுக் டுக் என்று விடாமல் அடித்த ஒரு செம்மார்புக் குக்குறுவானை இருபது நாள் தொடர்ந்து குறித்து வைத்தாள், மழையிலும் அடித்தது, மத்தியானத்திலும் அடித்தது, எவ்வளவு உழைப்பாளிப் பறவை என்று ஒரு பத்தி எழுதினாள், அதற்கு ஒரு வரைபடம்கூடப் போட்டாள், கடைசியில் அது எஸ்டேட்காரர்கள் ஓடையில் வைத்திருந்த தண்ணி மோட்டார். அம்மாவிடம் போனில் சொல்லிச் சிரித்தபோது அம்மா சிரிக்கவில்லை. "ஏளா, மோட்டாருக்கும் குருவிக்கும் வித்தியாசம் தெரியாமலா ஒனக்கு அம்பாசமுத்திரத்துலேருந்து அங்கன வரைக்கும் கூப்ட்டுப் படிப்பு சொல்லிக் குடுக்காவ? வெளிய சொல்லிராத, மாப்ள வீட்டுக்காரவ காதுல விழுந்துரப் போவுது."

பாம்புக் கழுகு. க்ளீஈ, க்ளீஈ. வடகிழக்கு, முப்பது. கழுகு இவ்வளவு தாழ்வாகவா, மூட்டத்தில் இறங்கி உட்கார்ந்திருக்கும், எழுதினாள். மாம்பழச்சிட்டு, ஒரு நீள விசில், வடகிழக்கு, முப்பது. வால்காக்கை, வடகிழக்கு, முப்பது. மலை அணில் ஒன்று டரடரவென்று திட்டியது, அணில் பறவை இல்லை என்றாலும் ஓரத்தில் குறித்துக்கொண்டாள், அதுவும் அங்கேதான். கை ஓட ஓட மனசுக்கு ஒரு குஷி ஏறியது. இந்தப் புள்ளியில் அதிகபட்சம் ஐந்துதான் கிடைக்கும், இன்று நாலரை நிமிடத்தில் ஆறு. காடு இன்னைக்கு எனக்காக ஆஜராகுது, ஒவ்வொருத்தரா வந்து பேர் சொல்லிட்டுப் போறாங்க, நாளைக்கு வெட்டப் போறாங்கன்னு யாரோ சொல்லியிருப்பாங்க. வைரி, க்ளிக்கீ க்ளிக்கீ, வடகிழக்கு, முப்பது. மரங்கொத்தி, வடகிழக்கு, முப்பது. நாளைக்கு இந்தத் தாளை அந்தத் தன்மையான மனிதர் மேசையில் வைக்கும்போது எந்தப் பக்கத்தைத் திருப்பி வைப்பது என்று யோசித்தாள், சிரிப்பான் பெயர் மேலே வருகிற மாதிரி வைக்கணும், பெயரைத் தொட்டுக் காட்டக் கூடாது, அவரே படிக்கணும், படிச்சிட்டு நிமிர்ந்து ஏனுங் அம்மணி, சுத்தித்தான் போகோணும் போலிருக்கேன்னு சொல்லணும். மொய்துக்காவுக்குத்தான் எப்படிச் சொல்வது? மொய்துக்கா அவளுடைய ஜீப் ஓட்டி, இப்போதும் வளைவில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார், கூப்பிட்டால் கேட்கும் தூரம். இதே வளைவில் ஆறு வருஷம் முன்னால் அவர் வண்டி கவிழ்ந்தது, வலது முட்டியில் இரும்புத் தகடு. இன்று காலை இறக்கி விடும்போதுகூட முட்டியைத் தடவிக்கொண்டே, "டாக்டரம்மா, நிங்கள் குருவி கிடைச்சா எனிக்கு சந்தோஷம், கிடைக்கலைன்னா என் முட்டிக்கு சந்தோஷம். நான் ரெண்டு பக்கமும் துவா செஞ்சிருக்கு, கேட்டோ" என்றார். டாக்டர் பட்டம் இன்னும் வரலை மொய்துக்கா என்றால், "வராத குருவிக்கே இத்தற வருஷம் நிக்கறீங்க, வராத பட்டத்துக்கு நான் விளிச்சா என்ன?" அந்த முட்டி இன்னும் இரண்டு வருஷம் இந்த வளைவில் திரும்ப வேண்டும், இந்த ஒரு வரியால். வரி நிஜமாக இருந்தால் திரும்பட்டும். வரி மோட்டாராக இருந்தால்? மோட்டார் இல்ல. மோட்டார் கீயான்னு கத்துமா?

மரகதப்புறா. ஹூம், ஹூம் என்று அடி வயிற்றிலிருந்து. மரகதப்புறா, 1, என்று எழுதிக்கொண்டு மூன்றாவது கட்டத்துக்குப் பேனா போனபோது அது நின்றது. மேலே அதே வார்த்தை. அதற்கு மேலே அதே வார்த்தை. வடகிழக்கு 30, வடகிழக்கு 30, வடகிழக்கு 30, ஏணிப்படி மாதிரி. பாம்புக் கழுகும் அணிலும் மாம்பழச்சிட்டும் வைரியும் ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி ஒரே கிளையிலா வரிசையில் நிற்கிறார்கள்? குருவி பிடித்துத் தின்கிற வைரி பக்கத்தில் உட்கார்ந்தால் மாம்பழச்சிட்டு விசில் அடிக்குமா, உயிர் போகிற மாதிரி ஓடும். இசக்கி தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினாள். மூட்டம் ஒரு கை அளவு விலகியது. நாவல் மரத்தின் இலைகளுக்குக் கீழே இரண்டு கறுப்புத் தும்பிகள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு அசைந்தன, அசைந்தன, நின்றன. தும்பி இல்லை. துடுப்பு. வாய்க்குள் ஒரு வார்த்தை வந்தது, அது தாளில் எழுதுகிற வார்த்தை இல்லை. சவம். கரிச்சான். ஒற்றை ஆள். அவ்வளவு பேரும் நீதானா? ஆறு நிமிடம் நாற்பது நொடி. காதின் உள்ளே ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது, அதையும் எழுதலாம், இசக்கியம்மாள், 1, தூரம் பூஜ்யம். மேடம், தரவு என்ன சொல்லுதுன்னா மேடம், தரவு மூஞ்சியில கரியைப் பூசிட்டுன்னு சொல்லுது.

ஆனால் மனசு லேசுப்பட்டதா? விழுந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் கிடந்தது, பிறகு ஒரு கண்ணைத் திறந்தது. பொறுட்டீ. கரிச்சான் கேட்டதைத்தானே சொல்லும்? கேட்காததைச் சொல்லுமா? பாம்புக் கழுகைக் கேட்டிருக்கு, அதனால பாம்புக் கழுகு. புறாவைக் கேட்டிருக்கு, அதனால புறா. அப்போ சிரிப்பானை? கரிச்சான் ஊர் ஊராகப் போகிற பறவை இல்லை, பிறந்த காட்டிலேயே கிடக்கும். இந்தப் பதினெட்டு ஏக்கருக்குள்ளேதான் அது பள்ளிக்கூடம் படித்திருக்கிறது. வாத்தியார் இல்லாமல் பாடம் எப்படி வரும்? யாரோ ஒரு சிரிப்பான், இங்கே, இதே மரங்களுக்குள், திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறது, ஒரு தரம் இரண்டு தரம் கேட்டு இவ்வளவு சுத்தமாக வராது, உச்சியில் உடைகிற அந்த இடம்கூடத் தப்பவில்லையே, அதற்கு நூறு தடவையாவது கேட்டிருக்க வேண்டும். அப்போ இது சாட்சி. பார்த்த சாட்சியைவிடப் பெரிய சாட்சி, காடே மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிற சாட்சி. நிற்கிற நிலையிலேயே அறிக்கை ஓட ஆரம்பித்தது: நேரடிப் பதிவு அல்ல எனினும், போலிக்குரலின் துல்லியம் மூலப் பறவையின் அண்மைக்கால இருப்பைச் சுட்டுகிறது. சுட்டுகிறதா, உறுதி செய்கிறதா? சுட்டுகிறது போதும். இல்லை, வலுவாகச் சுட்டுகிறது. சந்தோஷத்தின் அடியில் ஒரு பொறாமை கிளம்பியது, அது ஏன் என்று அவளே ஆச்சரியப்பட்டாள். இரண்டு வருஷம் நானும்தான் கூப்பிட்டேன். சின்ன ஸ்பீக்கரில் சிரிப்பானின் குரலை ஒலிக்கவிட்டு, இனத்தாள் குரல் கேட்டால் பதில் தருமே என்று, இதே இடத்தில் நின்று, தினம் பத்து தடவை, மழைக் கோட்டுக்குள் ஸ்பீக்கரைப் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு. ஒரு பதில் வந்ததா? எனக்கு வாயைத் திறக்காமல் இந்தக் கறுப்பனுக்கு மட்டும் உட்கார்ந்து பாட்டு வகுப்பு எடுத்திருக்கிறாயாக்கும். எங்கட்டி இருக்க? எந்த மரத்துல வச்சுச் சொல்லிக் குடுத்த? அவனுக்குத் தெரியும். அவனுக்கு வாத்தியார் வீட்டு விலாசம் தெரியும். கரிச்சானே, ராசா, இன்னொரு தடவை சொல்லு, அவ எந்தப் பக்கம்?

ஒன்பது நிமிடம் பதினைந்து நொடி. நாவல் மரத்தில் துடுப்புகள் ஒரு தரம் ஆடின. கேட்ட பாட்டைப் பாடுகிற வித்வானைப் போல கரிச்சான் தொண்டையைச் சரி செய்துகொண்டது. கீயா, கிக்கிக்கிக்கீயா. ஒரு மூச்சு இடைவெளி. கீயா, கிக்கிக்கிக்கீயா. ஒரு மூச்சு இடைவெளி. கீயா, கிக்கிக்கிக்கீயா. இசக்கி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், எவ்வளவு அழகு, மூன்றும் அச்சில் வார்த்த மாதிரி, ஒரு மயிரிழை கூட மாறவில்லை. மூன்றாவது முடிந்ததும் கரிச்சான் நிறுத்தவில்லை. அதே மூச்சில், அதே அக்கறையோடு, அடுத்ததையும் சொன்னது: டிங், டுங், டூம்.

இசக்கியின் கை தானாகப் பைக்குப் போனது. ஸ்பீக்கரை யார் அணைத்தது? அணைக்கிற பொத்தானை அழுத்தினால் அது டிங் டுங் டூம் என்று மூன்று படி இறங்கி அடங்கும், அந்தச் சத்தத்தை அவள் தூக்கத்தில்கூடச் சொல்லுவாள். பைக்குள் தண்ணீர் பாட்டில் இருந்தது, உப்புப் பொட்டலம் இருந்தது. ஸ்பீக்கர் இல்லை. ஸ்பீக்கர் வளைவில் நிற்கிற ஜீப்பில், முன் சீட்டில், இன்று வேண்டாம் என்று அவளே வைத்துவிட்டு வந்தது. நாவல் மரத்தில் மறுபடியும், யாரும் கேட்காமலே, இந்தத் தடவை இன்னும் திருத்தமாக: டிங், டுங், டூம். பைக்குள் விட்ட கை அங்கேயே இருந்தது. மூன்று தடவை பாடும், ஒரு மூச்சு விட்டு விட்டு, பிறகு அணையும். அவள் ஒலிக்கவிட்ட பதிவு அப்படித்தான். தினம் பத்து தடவை, இரண்டு வருஷம், இதே இடத்தில் நின்று, பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு. கண்ணைத் திறந்தாள். தாளை நெஞ்சுக்குப் பக்கத்தில் பிடித்து, வயநாட்டுச் சிரிப்பான் என்ற பெயரின் மேல், படிக்க முடிகிற மாதிரி, ஒரே ஒரு கோடு போட்டாள். அதற்குக் கீழே இருந்தவர்கள் மேலும் வரிசையாக ஒவ்வொரு கோடு, கழுகு, சிட்டு, வால்காக்கை, வைரி, மரங்கொத்தி, புறா. புறாவின் மேல் கோடு போடும்போது முதலில் வயிறு குலுங்கியது, பிறகு தோள், பிறகு மூக்கு வழியாக ஒரு சத்தம். பத்து நிமிடத்துக்கு இன்னும் இருபது நொடி இருந்தது, அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை, பாறையில் குடம் உருண்ட மாதிரி வெடித்துக்கொண்டு வந்தது. நாவல் மரத்திலிருந்து இரண்டு துடுப்பும் பதறிப் பறந்தன.

வளைவிலிருந்து மொய்துக்கா கத்தினார். "டாக்டரம்மா! எந்தா சத்தம்? குருவி கிடைச்சதா?"

"இல்ல மொய்துக்கா," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சுப் பிடித்துக்கொண்டு. "நான்தான். அம்புட்டு நேரமும் பாடுனது நான்தான்."